அம்மாவுக்கு வகுப்பில் நடந்த கலியாணம்

மற்ற வீடுகளில் அப்பாவும் அம்மாவும் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவார்கள். எங்கள் வீட்டில் மூன்று பேருமே பையைத் தூக்கிக்கொண்டு புறப்படுவோம். தூத்துக்குடியில் ஓர் இறையியல் கல்லூரியில் அப்பா போதகர் படிப்புக்குச் சேர்ந்தபோது, அம்மாவும் அதே வகுப்பில் சேர்ந்துகொண்டாள். மாணவர்களின் மனைவிமாருக்கென்று தையலும் ஞாயிறு பள்ளிப் பாட்டும் சொல்லிக்கொடுக்கிற தனி வகுப்பு ஒன்று இருந்தது. அம்மா அதை ஒரு நாள் எட்டிப் பார்த்துவிட்டு, "எனக்கு ஊசியில நூல் கோக்கத் தெரியும்" என்று சொல்லித் திரும்பி வந்துவிட்டாளாம்.

இருவருக்கும் சேர்த்து ஒரே கிரேக்க இலக்கணப் புத்தகம். அதை நடுவில் அறுத்து இரண்டாக்கி வைத்திருந்தார்கள். ஒருவருக்கு வேண்டிய பாதி எப்போதும் மற்றவரிடம் இருக்கும். அதில் மூளுகிற சண்டையில் பேச்சு நின்றுவிடும். ஆனால் மறுநாள் தேர்வென்றால் பேசாமல் படிக்க முடியாதே! அதனால் பவுல் அப்போஸ்தலனைப் பற்றி மட்டும் பேசிக்கொள்வார்கள். உப்பு எங்கே என்று கேட்பதற்கு என்னைத் தூது விடுவார்கள். அம்மாவுக்குத் தேர்வு வந்தால் அப்பா சமையல். அந்த நாட்களில் தட்டில் விழுவதை ரசம் என்றுதான் சொல்ல வேண்டும், அது வீட்டுச் சட்டம். வகுப்பில் முதல் இடம் எப்போதும் அம்மாவுக்கு. அதை அம்மா சொல்லிக்கொள்ள மாட்டாள்; அப்பாதான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவார்.

புதுத் துறைமுகத்துக்குப் பெரிய கப்பல்கள் வரத் தொடங்கியிருந்த காலம் அது. அம்மாவின் அண்ணன், பழைய துறைமுகத்துக்குப் போகிற தெருவில் தோணிகளுக்குக் கயிறும் தாரும் விற்றுக்கொண்டிருந்தார். அம்மா வீட்டார் ஆர்.சி. கத்தோலிக்கர்கள்; அப்பாவோ சாத்தான்குளத்துப் புராட்டஸ்டண்டு. இரண்டும் ஒரே இயேசுதானே என்று இப்போது சொல்லிவிடலாம். அன்றைக்குச் சொல்லியிருந்தால் இரண்டு பக்கமும் உதை விழுந்திருக்கும். தகப்பன் இல்லாத அம்மாவை வளர்த்து ஆளாக்கியது மாமாதான். அவள் அப்பாவைத்தான் கட்டுவேன் என்று நின்றதும், "உன் கலியாணத்துல வந்து உன் கையப் பிடிச்சுக் குடுக்க மாட்டேன். இது மாதா மேல சத்தியம்" என்று சொல்லிவிட்டார். சொன்னபடியே வரவும் இல்லை. யாரோ ஓர் உபதேசியார்தான் முன்னால் வந்து அம்மாவின் கையைப் பிடித்துக் கொடுத்தாராம். அம்மாவுக்கு வாழ்க்கையில் வேறு குறையே கிடையாது. இந்த ஒன்றைச் சொல்லும்போது மட்டும் குரல் இறங்கிவிடும்.

நல்லவேளையாக அந்தச் சத்தியத்தில் என்னைப் பற்றி ஒன்றும் இல்லை. பள்ளி விட்டு வரும் வழியில்தான் கடை. "ஏளா, நீ யாரு வீட்டுப் பிள்ள?" என்று மாமா தினமும் கேட்பார். தினமும் சொல்வேன். அப்போதுதான் கேள்விப்படுகிறவர்போலத் தலையாட்டிவிட்டு ஒரு முந்திரி மக்ரூன் எடுத்துத் தருவார். கயிற்றுக் கடையில் மக்ரூன் எப்படி வந்தது என்று நான் யோசித்ததில்லை. ஒரு நாள் பக்கத்துக் கடை அண்ணாச்சியிடம் அவர், "பொறந்த வீட்டு ஆள் நிக்காததெல்லாம் ஒரு கலியாணமாவே?" என்று சொன்னது மட்டும் என் மனசில் தைத்துவிட்டது.

அப்படியிருக்கும்போதுதான் அப்பா ஒரு சாயங்காலம் சிரித்துக்கொண்டே, "வெள்ளிக்கிழம எங்களுக்குக் கலியாணம்ளா" என்றார். திருமண ஆராதனை நடத்த மாணவர்களுக்குப் பயிற்சியாம். வகுப்பில் பெண்கள் சேருவதில்லை என்பதால் ஒவ்வொரு வருஷமும் விடுதிப் பையன் ஒருவன் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு மணப்பெண்ணாக நிற்பானாம். நிஜத் தம்பதி இருக்கும்போது துண்டு எதற்கு என்று ஆசிரியர் சொல்லிவிட்டாராம். இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. அன்றைக்கு நான் புரிந்துகொண்டது இவ்வளவுதான்: மாமா சொன்னது சரி, முதல் கலியாணம் கணக்கில் சேராது, அதனால் மறுபடி வைக்கிறார்கள்.

மறுநாளே கடைக்குப் போய், "மாமா, வெள்ளிக்கிழம சாயங்காலம் எங்கம்மாவுக்குக் கலியாணம். காலேஜ் கோயில்ல. நீங்க கட்டாயம் வரணும்" என்றேன். அவரை மாமா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"யாருகூடளா?" என்று பதறிப்போய்க் கேட்டார்.

"எங்கப்பாகூடத்தான்!"

அன்றைக்கு மாமா மக்ரூன் தரவே மறந்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை அம்மா நல்ல நாளுக்கென்று வைத்திருந்த சந்தன நிறச் சேலையைக் கட்டிக்கொண்டாள். கல்லூரிக் கோயிலில் போதகராக நின்ற மாணவர் புத்தகத்தைப் பார்த்து வாசித்துக்கொண்டே வந்தார். பெண்ணைக் கொடுப்பவர் யார் என்று கேட்டுவிட்டு முழித்தார். அதற்கு ஆள் ஏற்பாடு செய்ய எல்லாரும் மறந்திருந்தார்கள். ஆசிரியர் எரிச்சலோடு திரும்பிப் பார்த்தார். வாசலையொட்டி வெள்ளைச் சட்டையில் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். "ஐயா, கொஞ்சம் முன்னால வாங்க. பெண்ணோட தகப்பன் ஸ்தானத்துல நில்லுங்க" என்றார் ஆசிரியர்.

அம்மா திரும்பினாள். அவள் முகத்தைப் பார்த்து நான் பயந்தே போனேன். மாமா நின்ற இடத்திலிருந்தே கேட்டார்:

"இது நெசக் கலியாணமா?"

"இல்லையில்ல, சும்மா பயிற்சி."

"சபையில இதுக்கு மதிப்பு உண்டுமா?"

"ஒரு மதிப்பும் கிடையாது. இது கலியாணமே இல்ல."

"அப்பம் சரி. சத்தியம் முறியாதுல்லா" என்று சொல்லி, மாமா செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு விறுவிறுவென்று நடந்து வந்தார்.

எனக்கு அழுகை முட்டியது. பொய்க் கலியாணத்துக்கா நான் ஆளைக் கூப்பிட்டேன்? அதுவும் பொய் என்று தெரிந்த பிறகு இவர் முகம் எதற்கு இப்படி மலர்கிறது?

மாமா அம்மாவின் கையைப் பிடித்தார். "அண்ணே" என்றாள் அம்மா. ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். கை மாறியது. அப்பா தன் உறுதிமொழியை ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். அடுத்து அம்மா. "நன்மையிலும் தீமையிலும்" என்று தொடங்கினாள். நின்றுவிட்டாள். மறந்து போயிற்றாம்!

யார் தவறினாலும் பெண்ணைக் கொடுக்கிற இடத்திலிருந்து மறுபடி தொடங்க வேண்டும் என்பது ஆசிரியர் வைத்திருந்த விதி. மாமா மறுபடி கையைப் பிடித்தார். மறுபடி கொடுத்தார். இந்தத் தடவை அம்மா நாலு வார்த்தை கூடப் போய்விட்டு நின்றாள். மறுபடி மாமா. அவர் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது, துடைக்கக்கூட இல்லை. எனக்கோ மானம் போயிற்று. வகுப்பில் முதல் மாணவி, அண்ணன் பார்க்க வந்த அன்றைக்கா சொதப்ப வேண்டும்? அப்பாவாவது அடுத்த வார்த்தையை எடுத்துக் கொடுக்கலாம். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். எப்போதும் எரிந்து விழுகிற ஆசிரியர், "இன்னொரு தடவ எடுக்கலாமாம்மா?" என்று மெல்லக் கேட்டார். அம்மா தலையாட்டினாள்.

முடிந்ததும் டீ குடிக்கச் சொன்னதற்கு, கலியாணமே இல்லாதபோது விருந்து ஏது என்று சொல்லிவிட்டு மாமா போய்விட்டார். வீட்டுக்கு வந்து அம்மா அரிசி களைந்துகொண்டே அந்த உறுதிமொழியைத் தொடக்கத்திலிருந்து கடைசிவரை ஒரு பிசிறில்லாமல் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"இப்பம் மட்டும் எப்படிளா வருது?" என்றார் அப்பா.

"உலையப் பாருங்க" என்றாள் அம்மா. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்த சிரிப்பில் எனக்கு ஆத்திரமாய் வந்தது.

சில நாள் கழித்து, அந்தப் பயிற்சியில் அம்மாவுக்கு முழு மதிப்பெண் என்று அப்பா வந்து சொன்னார். ஆசிரியர் யாருடைய மதிப்பெண்ணையோ அம்மாவுக்கு மாற்றிப் போட்டுவிட்டார்! தெரிந்தால் திரும்பப் பிடுங்கிக்கொள்வார்களே என்று பயந்து, வெகுகாலம் நான் யாரிடமும் மூச்சுவிடவில்லை.