டிக்கெட்டக்காவும் வட்டக்கண் பல்லிகளும்

அருங்காட்சியக வாசலில் பதினோரு வருடம் டிக்கெட் கிழித்துக் கொடுத்தவளை, ஒரு திங்கட்கிழமை காலையில் அலாக்காகத் தூக்கிக்கொண்டுபோய்ப் பாட்டில் அறையில் போட்டார்கள். அவள் செய்த குற்றம் இதுதான்: வரிசையைத் தாண்டி நேராக டிக்கெட் கூண்டுக்கு வந்து நின்ற ஒருவரை, "பின்னாடி போய் நில்லுங்க சார்" என்று சொல்லிவிட்டாள். அவர் இயக்குநரின் மச்சினர்.

"மச்சினர்னு நெத்தியில எழுதி ஒட்டியிருந்தாரா?" என்று வீட்டில் வந்து புலம்பினாள். கணவர் மருத்துவமனையில் லிஃப்ட் ஓட்டுபவர். மேலும் கீழும் போவது அவருக்குப் பெரிய விஷயமே இல்லை. "மாடிக்குத்தானே அனுப்பியிருக்காங்க, பதவி உயர்வுன்னு நெனச்சுக்கோ" என்றார்.

பாட்டில் அறை இரண்டாம் மாடியின் பின்பக்கம் இருந்தது. கூரைவரை எழும்பிய இரும்பு அலமாரிகளில் நானூறுக்கும் மேற்பட்ட கண்ணாடி ஜாடிகள். அவற்றில் ஸ்பிரிட்டில் ஊறிக்கொண்டு தவளைகள், பாம்புகள், அரணைகள், பல்லிகள். இதில் முதல் மூன்றோடு அவளுக்கு எந்தத் தகராறும் இல்லை. பல்லி என்றால்தான் உயிர் போய்விடும். சமையலறைச் சுவரில் ஒன்று தெரிந்துவிட்டால், கணவர் வந்து அதைத் துரத்தும்வரை அடுப்பில் இருப்பது தீய்ந்தாலும் உள்ளே காலெடுத்து வைக்கமாட்டாள். அப்படிப்பட்டவளுக்கு நாலு அலமாரி நிறையப் பல்லி.

வேலை என்னவோ எளிமையானதுதான். ஸ்பிரிட் ஆவியாகி மட்டம் இறங்கிய ஜாடிகளை நிரப்ப வேண்டும். மூடியின் விளிம்பில் வாஸலின் களிம்பு தடவி இறுக்க வேண்டும். மங்கிப்போன சீட்டுகளைப் பார்த்துப் புதிதாக எழுதி ஒட்ட வேண்டும். முதல் வாரம் இரண்டு ஜோடி கையுறையைப் போட்டுக்கொண்டு, முகத்தை ஒரு பக்கம் திருப்பி, அரைக்கண்ணால் பார்த்தபடியே வேலை செய்தாள். சாயங்காலம் பேருந்தில் ஏறினால் பக்கத்து இருக்கைக்காரர்கள் மூக்கைச் சுருக்கிக்கொண்டு நகர்ந்து உட்கார்ந்தார்கள். அவள்மேல் அடித்த ஸ்பிரிட் வாசனை அப்படி. எதிர்வீட்டு அம்மாள் ஒருநாள் அவளுடைய மகளைத் தனியாகக் கூப்பிட்டு, "அம்மாவுக்கு ஏதாவது மனக்கஷ்டமாம்மா?" என்று பரிவாகக் கேட்டே விட்டாள். கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கும் மகள், "ஆமாங்க, ஆபீஸ்ல ஊத்திக் குடுக்குற வேலை" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டது. அம்மாவிடம் வாங்கிய திட்டு தனிக்கதை.

நான்காவது அலமாரிக்கு வந்தபோதுதான் பயம் கொஞ்சம் தளர்ந்தது. அங்கே இருந்தவை சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத குட்டிப் பல்லிகள். அறைக்குப் பொறுப்பான கண்காணிப்பாளர், மூக்கில் கைக்குட்டையை வைத்தபடியே அவற்றைப் பற்றிச் சொன்னார்.

"வீட்டுப் பல்லிக்குப் பூனை மாதிரி கோடு போட்ட கண்ணு. ராத்திரியில வேட்டை. விரல்ல ஒட்டுற மெத்தை இருக்கும். இதுங்க அப்படி இல்லம்மா. நம்மள மாதிரி வட்டக் கண்ணு, பகல்ல நடமாட்டம். குருவி மாதிரி மெல்லிசா விரலும் நகமும், அதை வெச்சுப் பாறையில ஏறும். இந்தப் பேரினத்துல மட்டும் டஜன் டஜனா சிற்றினங்கள் இருக்கு. எல்லாம் பார்க்க ஒண்ணு போலவே இருக்கும். பிரிச்சுப் பார்க்கிறேன்னு போய் மண்டை காய்ஞ்சவங்கதான் ஜாஸ்தி."

அவள் ஜாடிக்குள் எட்டிப் பார்த்தாள். உண்மைதான், வட்டக் கண். வீட்டுப் பல்லி போல முறைக்கவில்லை. இன்னும் சம்பளம் வரவில்லையே என்று யோசிப்பவர்களின் பார்வை. 'பாவம்' என்று தோன்றியது. அன்றைக்கு ஒரு ஜோடி கையுறையைக் கழற்றினாள்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஓய்வு நேரத்தில் அவள் உடுப்புகளில் மணி தைத்துக் கொடுப்பாள். கடுகு அளவு மணிகளை வரிசை வரிசையாகக் கோத்துத் தைக்கிற வேலை. ஒரு வரிசையில் நாற்பத்து மூன்று இருக்க வேண்டிய இடத்தில் நாற்பத்து இரண்டு இருந்தால், பத்தடி தள்ளி நின்றே அவள் கண் அதைப் பிடித்துவிடும். அந்தக் கண்தான் நாற்பத்தாறாம் ஜாடியில் மாட்டிக்கொண்டது.

அந்த ஜாடியில் பதினேழு பல்லிகள், ஒரே ஒரு சீட்டு. ஸ்பிரிட் கலங்கியிருந்ததால் எல்லாவற்றையும் இடுக்கியால் எடுத்துத் தட்டில் மல்லாக்க அடுக்கினாள். ஒன்பது பல்லிகளுக்குத் தொடையின் அடியில், மணி கோத்ததுபோல் சின்னச் சின்னக் குழிகள் வரிசையாக இருந்தன. எட்டுக்கு இல்லவே இல்லை. கண்காணிப்பாளர் அறைக்கு ஓடினாள்.

"சார், நாப்பத்தாறுல ரெண்டு ரகத்தைக் கலந்து போட்டு வெச்சிருக்காங்க!"

அன்று பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு ஆராய்ச்சியாளர் வந்திருந்தார். முப்பது வயதைத் தாண்டாத பெண். இரண்டு பேரும் வந்து தட்டைப் பார்த்தார்கள். அந்தப் பெண் ஒரு நிமிடம் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றுவிட்டு, மெதுவாகச் சொன்னார்: "அக்கா, குழி இருக்கிறது ஆண். இல்லாதது பெண்."

கண்காணிப்பாளர் கைக்குட்டையை எடுத்துவிட்டே சிரித்தார். பதினோரு மணிக்குள் செய்தி கேண்டீனுக்குப் போய்விட்டது. "குடும்பத்தையே ரெண்டா பிரிச்சுட்டாங்கப்பா நம்ம டிக்கெட்டக்கா!" என்று ஒரு சிரிப்பு. தோட்டக்காரர் குழாயைக் கையில் பிடித்துக்கொண்டே, "அக்கா, நான் எந்த ரகம், கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க" என்றார். ஒரு வாரம் வேலை நேரத்தில் அவள் மாடியை விட்டுக் கீழே இறங்கவில்லை. டீ குடிக்கக்கூட.

வீட்டில் சொன்னபோது கணவரும் முதலில் சிரித்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பைப் பாதியில் விழுங்கிக்கொண்டார். மகள்தான் பாத்திரம் துடைத்தபடி கேட்டது.

"அர்த்தம் தப்பா இருந்தா இருக்கட்டும்மா. எண்ணினது சரியாத்தானே இருந்துச்சு?"

"எண்ணிக்கை என்னிக்கும் சரியாத்தான் இருக்கும்" என்றாள் அவள், கொஞ்சம் கோபமாகவே.

அந்த ஆராய்ச்சியாளர் மட்டும் அன்றைக்குச் சிரிக்கவில்லை. கிளம்பும்போது தன்னுடைய கைலென்ஸை மேசையில் வைத்துவிட்டு, "ஆணை மட்டும் தனியா வெச்சுப் பாருங்கக்கா. அப்பத்தான் நியாயமா இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். கோபம் ஆறின பிறகு அவள் அதைச் செய்தாள். ஒன்பது ஆண்களில் ஆறுக்கு ஒவ்வொரு தொடையிலும் நான்கு குழிகள், இரண்டு தொடைக்கும் நடுவில் வெற்றிடம். மிச்ச மூன்றுக்கும் தொடையில் நான்குதான், ஆனால் அந்த நடு இடத்திலும் இரண்டு குழிகள். வாலைத் திருப்பிப் பார்த்தாள். ஆறுக்கும் வாலின் அடியில் நடுவரிசைச் செதில் பெரிது. மூன்றுக்கும் எல்லாச் செதிலும் ஒரே அளவில் பொடிப்பொடியாக இருந்தன. மூன்று நாள் மூன்று தடவை எண்ணினாள். மூன்று தடவையும் அதே கணக்கு. ஒரு தாளில் எழுதி மடித்து மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினாள். யாரிடமும் மூச்சு விடவில்லை. மறுபடியும் கேண்டீன் வாயில் விழ அவளுக்குத் தெம்பு இல்லை.

ஐந்து மாதம் அந்தத் தாள் இழுப்பறையிலேயே கிடந்தது. பிறகு மேலிடத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது: அலமாரியில் இடமில்லை, ஜாடிக்கு ஐந்து உருப்படி போதும், மிச்சத்தைக் கழித்துக் கட்டவும். கண்காணிப்பாளர் பட்டியலோடு வந்தார்.

"நாப்பத்தாறு... பதினேழு பல்லி எதுக்கு? மேலாப்ல இருக்கிற அஞ்சை வெச்சுக்கிட்டு மத்ததை எடுத்துடும்மா."

அவள் ஜாடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "முடியாது சார். இதுல ரெண்டு ரகம் இருக்கு."

"மறுபடியும் ஆணும் பொண்ணுமா?"

"ஆணிலேயே ரெண்டு ரகம் சார்."

"ஏம்மா, உனக்கு ஒரு தடவை பட்டது போதாதா?"

"போதும் சார். அதனாலதான் இந்த முறை மூணு தடவை எண்ணியிருக்கேன்."

கண்காணிப்பாளர் பட்டியலை மடித்துக்கொண்டு, "வெள்ளிக்கிழமைக்குள்ள முடிச்சுடணும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அது செவ்வாய்க்கிழமை. அவள் பார்வையாளர் பதிவேட்டைப் புரட்டி ஆராய்ச்சியாளரின் எண்ணைத் தேடிப் பிடித்தாள். போனில் தாளைப் பார்த்து அப்படியே வாசித்தாள்: ஆறுக்கு நாலு நாலு, நடுவில் இல்லை, மூணுக்கு நாலு ரெண்டு நாலு. எதிர்முனையிலிருந்து உடனே பதில் வந்தது. "எதையும் தூக்கிப் போட்றாதீங்கக்கா. நாளைக்கு வர்றேன்."

மறுநாள் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் மாடியேறி வந்தார் அந்தப் பெண். ஒன்றரை மணி நேரம் நுண்ணோக்கியில் குனிந்தவர் நிமிரவில்லை. அவள் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து, 'இந்தத் தடவையும் ஏதாவது மாமன் மச்சான் வித்தியாசம்னு சொல்லிடுவாங்களோ' என்று தவித்தாள். கடைசியில் அந்தப் பெண் நிமிர்ந்து கண்ணைக் கசக்கினார்.

"அக்கா, ஒரு டீ கிடைக்குமா?"

"என்னன்னு சொல்லிட்டு டீ குடிங்களேன்!"

"ரெண்டு ரகம்தான்கா. இந்த மூணும் இதுவரைக்கும் யாரும் பேர் வெக்காத ரகம் மாதிரி இருக்கு. அறுபது வருஷமா இதே ஜாடியில கிடந்திருக்கு."

அன்றைக்கு அவளே கேண்டீனுக்கு இறங்கிப்போய் டீ வாங்கிவந்தாள். தோட்டக்காரரைப் பார்த்து நிமிர்ந்து நடந்தாள்.

ஸ்பிரிட்டில் ஊறியவை எல்லாம் ஒரே பழுப்பாகிப் போயிருந்தன. உயிரோடு ஒன்றைப் பார்த்தால்தான் நிச்சயமாகச் சொல்ல முடியும் என்றார் ஆராய்ச்சியாளர். பிடித்த இடம் என்று சீட்டில் எழுதியிருந்தது நான்கு மணி நேரப் பயணத்தில் ஒரு பாறைக்குன்று. "எங்கூட வாங்கக்கா. உங்க கண்ணு வேணும்" என்றார். உன் வேலை அறைக்குள்ளேதான் என்று கண்காணிப்பாளர் முரண்டு பிடித்தார். பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்த பிறகு, "சரி, போய்த் தொலை. விழுந்து கிழுந்து வெக்காதே" என்று கையெழுத்துப் போட்டார்.

குன்றின் பின்புறம் ஒரு பழைய பம்ப் அறை. அதை ஒட்டிய பாறைகளில் காலை பத்து மணி வெயில் இலைகளுக்கு இடையே சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. இருவரும் அரை மணி நேரம் குந்தியிருந்தார்கள். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு பாறையின் ஒரு துண்டு நகர்ந்தது. நகர்ந்தது பல்லி. வட்டக் கண்ணால் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தாடையை உயர்த்தியது. தொண்டை முழுக்க எலுமிச்சை மஞ்சள். ஜாடியில் அறுபது வருடம் பழுப்பாகக் கிடந்ததன் சொந்தக்காரன் இப்படியொரு சட்டை போட்டிருப்பான் என்று அவள் நினைத்துப் பார்த்ததே இல்லை. கொஞ்சம் மேலே இன்னொரு பல்லி. அதன் தொண்டையில் மஞ்சளே இல்லை, ஏற்கெனவே பேர் வைத்த ரகத்துக்கு இருப்பதுபோல் வெறும் கறுப்புக் கோடுகள்.

"ரெண்டும் ஒரே பாறையில குடியிருக்கு!" என்று கிசுகிசுத்தார் ஆராய்ச்சியாளர். "மஞ்சள் உங்க பக்கம் இருக்கு. பிடிங்கக்கா."

"நானா?"

"நான் நகர்ந்தா ஓடிடும்."

சமையலறைப் பல்லிக்கே அலறுகிறவள், கண்ணை மூடாமல், மூச்சை அடக்கிக்கொண்டு, கையைக் குவித்துப் பாறைமேல் ஒரு அமுக்கு அமுக்கினாள். உள்ளங்கையில் ஏதோ துள்ளியது. "பிடிச்சுட்டேன்! பிடிச்சுட்டேன்!" மெதுவாக விரலைத் திறந்தாள். உள்ளே வால் மட்டும் துடித்துக்கொண்டிருந்தது. வாலுக்கு உரியவர் பாறை இடுக்கில் மறைந்து வெகுநேரம் ஆகியிருந்தது.

அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. "கெடுத்துட்டேனே. பாவம், வாலையும் பறிச்சுட்டேன்."

ஆராய்ச்சியாளர் சிரித்த சிரிப்பில் இன்னும் நாலு பல்லி ஓடியிருக்கும். "அக்கா, மரபணுச் சோதனைக்கு எனக்கு வேண்டியதே வால் நுனிதான்! அதுக்கு வால் மறுபடியும் முளைச்சுடும். இதைவிட அழகா யாராலும் பிடிச்சிருக்க முடியாது." சின்னக் குப்பியில் வாலைப் போட்டு மூடினார். மதியத்துக்குள் வேறு இரண்டு மஞ்சள் தொண்டைகளை வாலோடும் உடம்போடும் பிடித்து, படம் எடுத்து, குழிகளை எண்ணிவிட்டு அதே பாறையில் விட்டார்கள். நாலு, ரெண்டு, நாலு. கணக்கு பிசகவில்லை. இரண்டாவதைப் பிடித்தது அவள்தான். கையுறை இல்லாமல்.

சோதனை, எழுத்து, திருத்தம் என்று பத்து மாதம் ஓடியது. கட்டுரை அச்சாவதற்கு முன்னால் ஆராய்ச்சியாளர் ஒருநாள் வந்தார்.

"புது ரகத்துக்குப் பேர் வெச்சாச்சுக்கா."

"என் பேரை வெச்சுடாதீங்க. பல்லிக்கு என் பேரான்னு வீட்டுல மானம் போயிடும்."

"உங்க பேர் இல்ல. 'எண்ணிப் பார்த்தவள்'னு அர்த்தம் வர்ற மாதிரி ஒரு பழைய மொழிச் சொல்லு. சம்மதமா?"

அவள் கையிலிருந்த ஜாடிமூடியைத் துடைத்து முடித்தாள். பிறகு, "அது உண்மைதானே, வெச்சுக்கோங்க" என்றாள்.

எழுதியவர்கள் பட்டியலில் அவள் பெயர் இரண்டாவதாக வந்தது. கண்காணிப்பாளருக்கு நன்றி சொல்லி அடியில் ஒரு வரி. அவர் அந்த வரியை நகல் எடுத்துத் தன் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டார். லிஃப்ட்காரரோ, ஏறினவர் இறங்கினவர் எல்லாரிடமும் விஷயத்தைச் சொல்லித் தீர்த்தார். மூன்றாம் மாடிக்குப் போக வேண்டிய ஒரு எலும்பு டாக்டர் கதை முடியும்வரை ஆறாம் மாடிக்குப் போய் வந்தாராம்.

போன மாதம் வேறொரு நகரத்து அருங்காட்சியகத்திலிருந்து, பஞ்சில் பொதிந்து ஒரு பெட்டி வந்தது. உள்ளே நாற்பத்தொரு வட்டக்கண் பல்லிகள். கூடவே ஒரு கடிதம்: எல்லாம் ஒரே சிற்றினம் என்றுதான் எங்கள் பதிவில் இருக்கிறது, தயவுசெய்து ஒருமுறை எண்ணிப் பார்த்துச் சொல்லவும். மேலே அவள் பெயர், அதற்குக் கீழேதான் அருங்காட்சியகத்தின் பெயர்.

அவள் கடிதத்தை இரண்டு தடவை படித்தாள். மூக்குக்கண்ணாடியை ஏற்றி விட்டுக்கொண்டு, "சார், உங்க ஜன்னல் ஓரத்து மேசை எனக்கு வேணும். வெளிச்சம் அங்கதான் நல்லா இருக்கு" என்றாள்.

கண்காணிப்பாளர் தன் கோப்புகளை அள்ளிக்கொண்டு எழுந்தார்.