கந்தகம் உருகவில்லை

அந்த மாதம் பிரசவ வார்டில் மூன்று பெண்களுக்குத் தையல் போட்ட இடம் சீழ் பிடித்தது. மூன்றாமவள் குண்டலுபேட்டைக்காரி. காய்ச்சலில் அவள் பிதற்றுவதைக் கேட்டபோது, இது எங்கள் கையிலிருந்துதான் போயிருக்கிறது என்று எனக்குப் பட்டது. மைசூரில் ஒரு சிறிய பெண்கள் ஆஸ்பத்திரியில் நான் அப்போது ஆபரேஷன் அறை நர்ஸ். துணிகளை நீராவியில் வைத்துக் கிருமி நீக்குவது என் பொறுப்பு.

துணிகளை அடைத்து ஆவி ஏற்றும் செம்பு உருளை, மண்டி மொஹல்லாவில் பட்டறை வைத்திருந்த மேஸ்திரி செய்தது. கொதிகலனிலிருந்து ஆவி அடிப்பக்கமாக உள்ளே வரும். காற்று வெளியேற உச்சியில் ஒரு திருகு. முள் பதினைந்து பவுண்டு அழுத்தம் காட்டியதும் அரைமணி நேரம் வைப்போம்.

டாக்டரம்மாவிடம் என் சந்தேகத்தைச் சொன்னேன். "பிரஷர் சரியா இருக்கில்ல சிஸ்டர்? மத்தே என்ன?" என்றார், பாதிக் கன்னடத்தில்.

நர்ஸ் பயிற்சிக்கு முன் நான் இன்டர்மீடியட்டில் பௌதிகம் படித்திருந்தேன். காற்றும் ஆவியும் கலந்திருந்தால் அழுத்தத்தை இரண்டும் பங்கிட்டுக்கொள்ளும். சூடு ஆவியின் பங்குக்குத் தக்கபடிதான் இருக்கும். முள் சரியாகக் காட்டினாலும் துணிக்குள் போதிய சூடு இல்லாமலிருக்கலாம். கொதிநீரின் சூட்டில் கந்தகம் உருகாது, அதற்கும் மேலே வேண்டும்; பதினைந்து பவுண்டு அழுத்தத்தில் முழுக்க ஆவியே இருந்தால் உருகிவிடும். சிறு கண்ணாடிக் குழாயில் கந்தகப் பொடியை அடைத்துத் துணிக்கட்டின் நடுவே வைத்தேன். அரைமணி கழித்து எடுத்தபோது பொடி பொடியாகவே இருந்தது. டாக்டரம்மாவிடம் காட்டினேன். வேறு ஆஸ்பத்திரியிலிருந்து துணி வரவழைக்க அன்றே ஆள் அனுப்பினார்.

மேஸ்திரி ராமாபுரத்துத் தமிழர். உருளையை அவர் பட்டறைக்கே எடுத்துப்போய், கந்தகக் குழாயை அவர் முன் வைத்து, ஆவி வரும் வழியை மேலேயும் திருகைக் கீழேயும் மாற்றச் சொன்னேன்.

"ஆவி மேலதானுங்க போகும். திருகைக் கீழ வெச்சா எப்புடிங்க?"

"அதனாலதான் அண்ணா. ஆவியைவிடக் காத்து கனம். உச்சியில திறந்தா ஆவிதான் ஓடிப்போகுது, காத்து துணிக்குள்ளயே தங்கிடுது. மேலேயிருந்து ஆவியை விட்டா, அது காத்தைக் கீழே தள்ளிடும்."

"இத்தன வருசமா இப்புடித்தானுங்க செய்யறேன்."

நான் கண்ணாடிக் குழாயை அவர் பக்கம் நகர்த்தினேன். அவர் அதைக் கையில் எடுத்தார்.

"இது உருகியிருக்கோணுமுங்களா?"

"ஆமா."

சுண்ணக்கட்டியை எடுத்து உருளையின் அடியில் ஒரு வட்டம் போட்டார்.

மாற்றியபின் முதல் சோதனையில் ஓரத்துக் குழாய் உருகியது, நடுவிலிருந்தது உருகவில்லை. துணியை நான்தான் இறுக்கி அடைத்திருந்தேன். எல்லாவற்றையும் வெளியே எடுத்து, ஆவி இடையே இறங்கும்படி தளர்வாகச் செங்குத்தாக அடுக்கி மறுபடி வைத்தேன். இம்முறை நடுவிலும் கந்தகம் உருகி, தேன் நிறக் கட்டியாக இறுகியிருந்தது. காற்று கடைசியாக வெளியேறும் இடம்தான் உள்ளதிலேயே குளிர்ந்த இடம் என்பதால், கீழ்த் திருகருகே ஒரு வெப்பமானியும் பொருத்தினோம். அன்றுமுதல் அழுத்த முள்ளை விட்டுவிட்டு, வெப்பமானியைப் பார்த்தே அரைமணியைக் கணக்கிட்டோம்.

மூவரில் ஒருத்தியை இழந்தோம். மற்ற இருவரும் பிழைத்தார்கள்; குண்டலுபேட்டைக்காரி குழந்தையோடு ஊருக்குப் போனாள்.

சில நாள் கழித்துப் பட்டறைக்குப் போனேன். இன்னொரு ஆஸ்பத்திரிக்குத் தாம் செய்து கொடுத்திருந்த உருளையை மேஸ்திரி வண்டியில் திரும்பக் கொண்டுவந்து, அடியில் துளை போட்டுக்கொண்டிருந்தார். யாரும் அவரிடம் கேட்டிருக்கவில்லை.