கடைசி போட்

எழுபதுகளின் கடைசியில், கொச்சி மட்டாஞ்சேரியில் படகு ஜெட்டிக்குப் பக்கத்து ஹாலில் எங்கள் ராக் பேண்டின் முதல் கச்சேரி. மிளகுக் கடைக்காரர் மகள் மைக் பிடித்து இங்கிலீஷ் பாட்டுப் பாடுவதா என்று வீட்டில் பெரிய சண்டை. கேட்காமல் வந்துவிட்டேன்.

மூன்றாவது பாட்டின் நடுவில் பாதிக் கூட்டம் எழுந்தது. அவ்வளவுதான், யாருக்கும் பிடிக்கவில்லை என்று நினைத்துப் பாட்டை நிறுத்திவிட்டேன்.

முன்வரிசையில் இருந்த காக்கிச் சட்டைச் சேட்டன், "எர்ணாகுளத்துக்குக் கடைசி போட்டுக்கு நேரமாச்சு, மோளே. அதான் ஓடுறாங்க" என்றார். பிறகு கூட்டத்தைத் திரும்பிப் பார்த்து, "எல்லாரும் இரிங்க! போட் ஓட்டுறவன் நான் இங்கதானே இருக்கேன்?" என்று கத்தினார்.

ஹாலே சிரித்தது. எல்லோரும் உட்கார்ந்தார்கள்.

இன்றும் பாடும்போது யாராவது எழுந்து போனால் நான் நிறுத்துவதில்லை. எனக்காக ஒரு போட் காத்திருந்ததை நினைத்துக்கொண்டு பாடி முடிக்கிறேன்.