சாமை போட்ட கிட்டார்

என் கையெழுத்து கோணல் மாணலாக இருக்கும். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். சின்ன ர போடுவதா, பெரிய ற போடுவதா என்று இன்றைக்கும் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு யோசிக்கிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வாயால் சொல்லக் கூச்சமாக இருக்கிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

அப்போது எனக்கு எட்டு வயது. மலைமேல் நெல்லிவாசல் பக்கத்தில் எங்கள் ஊரிலேயே டேப் ரிக்கார்டர் இருந்தது எங்கள் வீட்டில் மட்டும்தான். படுக்கவைத்துப் பாட்டுப் போடுகிற வகை. மேலே சல்லடை மாதிரி ஓட்டைகள், அதற்கு அடியில் ஸ்பீக்கர். ஒரு நாள் அதை மாவு மில்லாக வைத்து விளையாடினேன். ஒரு பிடி சாமையை ஓட்டைகளில் கொட்டி, பட்டனை அமுக்கிப் பார்த்தேன். மாவு வரவில்லை. யாரிடமும் சொல்லவில்லை.

பிறகு சித்தப்பா ஊருக்கு வந்தார். திருப்பத்தூரில் விடுதியில் தங்கிப் படித்தவர். படிப்பு ஏறவில்லை, எலெக்ட்ரிக் கிட்டார் ஏறியது. அங்கே ஒரு பாட்டுக் கச்சேரிக் குழுவில் கிட்டாருக்கு ஆள் தேவைப்பட்டது. ஒரு புதுப் பாட்டின் கேசட்டைக் கொடுத்து, நடுவில் வரும் கிட்டாரை அதே சத்தத்தில் வாசித்துக் காட்டினால் சேர்த்துக்கொள்வதாகக் குழுவின் மாஸ்டர் சொல்லியிருந்தார். அப்பாவும் ஒன்று சொல்லிவைத்தார்.

“இது ஆவலன்னா அத்த பரண்ல போட்டுட்டு வந்து ஏர் புடி.”

சித்தப்பா அந்தப் பாட்டை எங்கள் டேப்பில் போட்டார். கிட்டார் உறுமிக்கொண்டே கரகரவென்று வந்தது. அந்தச் சத்தத்தில் சித்தப்பா மயங்கிவிட்டார். பாடுகிறவருக்கும் தொண்டை கட்டியிருந்ததை அவர் கவனிக்கவில்லை. அம்மாதான், “இன்னா தம்பி, பாவம், அவருக்கு சளி புடிச்சிருக்குது?” என்றாள்.

வாசிப்பு இரண்டு நாளில் கைக்கு வந்துவிட்டது. சத்தம்தான் வரவில்லை. மைக் செட்டுக்காரரிடம் ஆம்ப்ளிஃபயரும் பாக்ஸ் ஸ்பீக்கரும் வாங்கிவந்தார். டிரெபிள் குமிழைக் குறைத்தால் கிட்டார் கம்பளிக்குள் இருந்து பேசியது. கூட்டினால் தகரம் கிழிந்தது. கிட்டார் ஒயரைப் பழைய ரேடியோவுக்குள் விட்டு, அங்கிருந்து ஆம்ப்ளிஃபயருக்குக் கொண்டுபோனதும் உறுமல் வந்துவிட்டது. கரகரப்பு மட்டும் வரவில்லை. பாக்ஸைத் தானியம் கொட்டுகிற காலிக் குதிருக்குள் இறக்கிப் பார்த்தார். குதிர் பாடியது, கரகரக்கவில்லை. ஒரு மாதம் போயிற்று. சித்தப்பா சரியாகச் சாப்பிடவில்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. “அதும்மேல கொஞ்சம் சாமை போடு சித்தப்பா” என்றேன்.

பாக்ஸை மல்லாத்தி ஒரு சிட்டிகை போட்டார். கம்பியைத் தட்டினார். டேப்பில் வந்த அதே சத்தம்!

“டேய், உனக்கு எப்புட்றா தெரிஞ்சுது?” என்று என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு வாசலைச் சுற்றினார். சும்மா தோன்றியது என்றேன்.

ராசிக்காரன் என்று என்னையும் திருப்பத்தூருக்குக் கூட்டிப்போனார். குழுவில் இருந்த எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, அவர்களுடைய பாக்ஸைப் படுக்கவைத்தார். காகிதப் பொட்டலத்தைப் பிரித்துச் சாமையைத் தூவினார். கண்ணை மூடிக்கொண்டு வாசித்தார்.

மாஸ்டர் முழுக்கக் கேட்டார். “கை நல்லா ஓடுதுப்பா. ஆனா இன்னா இது, கிட்டாருக்குள்ள வண்டு பூந்த மாரி?” என்று கேட்டுவிட்டு, அதே பாட்டைத் தங்கள் டேப்பில் போட்டார். கிட்டார் உறுமியது. கரகரப்பு ஒரு துளி இல்லை. பாடுகிறவருக்குச் சளியும் இல்லை.

நான் சித்தப்பாவின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

“சாமை யாரு யோசனை?” என்றார் மாஸ்டர்.

சித்தப்பா திரும்பி என்னைப் பார்த்தார். ஒரு நொடிதான்.

“என்னுதுதான் சார். மலையில நாங்க எல்லாத்துக்கும் சாமைதான் போடுவோம்.”

டிரம்ஸ்காரர் தரையில் உட்கார்ந்து சிரித்தார். சித்தப்பாவின் காது சிவந்திருந்தது. சாமையைத் துணியால் துடைத்தெடுத்துவிட்டு, அவர்கள் டேப்பைக் கேட்டுக் கேட்டுக் குமிழ்களைத் திருப்பி மறுபடி வாசித்தார். மாஸ்டர் எழுந்து வந்து தோளில் தட்டினார்.

“அடுத்த வாரத்துலருந்து வந்துடு. சாமைய வூட்ல வச்சிட்டு வா.”

திரும்பும்போது பஸ்ஸில் அடி விழும் என்று காத்திருந்தேன். “ஜன்னல் பக்கமா குந்திக்கோ” என்று மட்டும் சொன்னார். பயம் விட்டுப்போனது. சித்தப்பா இவ்வளவு படித்தும் விவரம் போதாதவர் என்று எனக்குள்ளேயே சிரித்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் பாட்டுப் போட்டபோது டேப் சுத்தமாகப் பாடியது. வெளியே வந்து பார்த்தேன். வாசலில் சிதறிக் கிடந்த ஒரு பிடி சாமையைக் கோழிகள் கொத்திக்கொண்டிருந்தன. கடைசிச் சாமை மணி வரைக்கும் அவை தின்னட்டும் என்று நின்று காவல் காத்தேன். என் திருட்டுத்தனம் இனி யாருக்கும் தெரியாது என்று நிம்மதியாக இருந்தது. அதை டேப்பிலிருந்து எடுத்து அங்கே கொட்டியது யார் என்று யோசிக்க மட்டும் எனக்கு அன்றைக்குத் தோன்றவே இல்லை.

எழுதி முடித்தது: தை மாதம், இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை.