தோணிக்கு எழுதிய இரண்டாம் ஓலை

பழவேற்காட்டுக் கோட்டையில் ஒல்லாந்தர் கொடி பறந்த காலத்தில் எங்கள் நைனா ஒரு புதுத் தோணி வாங்கினார். அப்போது எனக்கு ஏழு வயது, அக்காவுக்குப் பன்னிரண்டு.

விற்ற வியாபாரி ஏரிக்கரையில் பெரிய வீடு கட்டியிருந்தவர். நைனாவைத் தம்பி தம்பி என்று அழைத்துப் பாய் போட்டு உட்கார வைத்தார். எங்களுக்கு வெல்லம் கொடுத்தார். எங்கள் பழைய தோணியை அவர் எடுத்துக்கொள்வது, மீதிக்கு மூன்று வருஷம் மீனில் நாலில் ஒரு பங்கு கொடுப்பது என்று பேச்சு. கணக்கப்பிள்ளை அதை ஓலையில் எழுதி உரக்க வாசித்தார். எழுத்து அறியாத நைனா அடியில் ஒரு மீனைக் கீறினார். மீனுக்குக் கண் வைக்கவில்லை என்று நான் சொன்னதும் எல்லோரும் சிரித்தார்கள்.

பத்து நாள் நல்ல மீன்பாடு. பதினோராம் நாள் ஆள் வந்து கூப்பிட்டான். நானும் நைனாவின் பின்னால் ஓடினேன். இந்த முறை வியாபாரி வெளியே வரவில்லை.

"முதலாளியோட கூட்டாளி ஒத்துக்கலைப்பா," என்றார் கணக்கப்பிள்ளை. "பாதிப் பங்கு வேணும்னு சொல்றாரு. பிணைக்கு உன் பெரிய பொண்ணு அடுத்த பொங்கல் வரைக்கும் இங்க வேலை செய்யணுமாம்."

"கீறிக் குடுத்தப்புறம் இன்னா பேச்சு இது? எனக்கு உங்க தோணியே வாணாம். என் பழசக் குடுத்துடுங்க."

"அத அன்னிக்கே வித்தாச்சே!"

நைனா குப்பத்துப் பெரியவர்களிடம் போய் முறையிட்டார். அவர்கள் தோணிகளும் அந்த வீட்டில் வாங்கியவைதான். மறுநாள் இரண்டாவது ஓலையிலும் நைனா மீன் கீறினார். அதை யாரும் வாசித்துக் காட்டவில்லை.

அக்காவுக்கு அந்த வீட்டிலிருந்து பூப்போட்ட சிற்றாடை வந்தது. எனக்கும் வேண்டும், நானும் போவேன் என்று மண்ணில் புரண்டு அழுதேன். அம்மா என்னை ஓங்கி அறைந்தாள். "அங்க தெனம் சோறு போடுவாங்களாம். உனக்கும் எடுத்துக்கினு வரேன்," என்று சொல்லிவிட்டு அக்கா போனாள். எனக்குப் பொறாமை அடங்கவே இல்லை.

பொங்கலன்று நைனா ஒரு பெரிய கொடுவாவைத் தூக்கிக்கொண்டு அவளை அழைத்துவரப் போனார். அந்த மீனோடு தனியாகத் திரும்பி வந்தார்.

"ஓலையில பிணைன்னு எழுதலையாம்," என்றார் அம்மாவிடம். "அவள அடிமையா வித்துட்டேன்னு எழுதியிருக்காம். மார்கழியிலயே கப்பல் ஏத்திட்டாங்களாம்."

அம்மா வாசலில் உட்கார்ந்து மண்ணை அள்ளி அள்ளித் தன் தலையில் போட்டுக்கொண்டிருந்தாள். மறுநாள் விடியுமுன் நைனா அதே தோணியில்தான் கடலுக்குப் போனார். வேறு தோணி ஏது? பிடித்ததில் பாதியை அந்த வீட்டு வாசலில் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வந்தார்.

நானோ குப்பத்துப் பிள்ளைகளைக் கூட்டி வைத்து, எங்கள் வீட்டிலேயே முதல்முதலாகக் கப்பல் ஏறியவள் என் அக்காதான் என்று பெருமையடித்துக்கொண்டிருந்தேன். வரும்போது எனக்கு என்ன கொண்டுவருவாள் என்று அம்மாவிடம் போய்க் கேட்டேன். அவள் ஏன் என்னை இழுத்து, மூச்சு முட்ட இறுக்கிக்கொண்டாள் என்று அன்று விளங்கவில்லை. வலிக்கிறது, விடு என்று அவள் கையைக் கடித்துவிட்டு விளையாட ஓடிவிட்டேன்.