மிதக்காத முட்டை

சாணியை உப்புக் கரைசலில் கலக்கும்போது ஒரு வாடை வரும்... ஃபினாயிலும் பச்சைப் புல்லும் சேர்ந்த மாதிரி. தஞ்சாவூர் கால்நடை ஆய்வகத்தில் என் காலைகள் அந்த வாடையில்தான் தொடங்கின. கான்வென்ட்டில் படித்த பெண்ணுக்கு இது என்ன வேலை என்று உறவினர்கள் முகம் சுளித்தார்கள். நான் சுளித்ததில்லை.

அங்கே டாக்டராக இருந்தவர் என் கணவர். ஆய்வகத்துக்குள் என்னை "மேடம்" என்றுதான் கூப்பிடுவார். கேலிதான்... ஆனாலும் எனக்குப் பிடிக்கும்.

எங்களுக்குள் ஓயாத வழக்கு ஒன்று இருந்தது. அவருக்கு மிதக்கவிடும் முறை. உப்புக் கரைசலில் சாணியிலிருக்கும் புழு முட்டைகள் மேலே வந்துவிடும், சட்டென்று பார்த்துவிடலாம். எனக்குப் படியவிடும் முறை. தண்ணீரில் கரைத்து, வடிகட்டி, தெளியவிட்டு, மேல்தண்ணீரை இறுத்து, மறுபடி ஊற்றி... நேரம் பிடிக்கும். ஆனால் ஈரல் தட்டைப்புழுவின் முட்டை கனம், மிதக்காது. அதைப் பரப்பும் நத்தை வயலெல்லாம் ஊரும் இந்தச் சீமையில் முதலில் தேட வேண்டியது அதைத்தானே?

கூலிப் போராட்டம் கொதித்துக்கொண்டிருந்த காலம். ஒரு மிராசுதாரின் உழவு மாடு செத்துப்போனது. மற்ற மாடுகள் இளைத்து, தாடைக்கடியில் வீங்கி நின்றன. மாடு பார்க்கும் மாரிமுத்து விஷம் வைத்துவிட்டான் என்றார்கள். செங்கொடி பிடித்தவன், அது போதாதா? போலீஸ் ஸ்டேஷனில் உட்காரவைத்துவிட்டார்கள். மீதி மாடுகளின் சாணியோடு மிராசுதாரின் காரியக்காரர் வந்தார். பின்னாலேயே மாரிமுத்துவின் மனைவி அஞ்சலை.

என் கணவர் மிதக்கவிட்டுப் பார்த்தார். ஒன்றுமில்லை.

"புழு இல்லேன்னு எழுதிக் குடுங்க சார். ஸ்டேஷன்ல காத்துக்கிட்டிருக்காங்க," என்றார் காரியக்காரர்.

"படியவிட்டுப் பாக்காம எழுத முடியாது," என்றேன்.

"அம்மா சாணியில ஜோசியமும் பாப்பாங்களோ?"

அஞ்சலை வாசலில் நின்றபடியே சொன்னாள்: "நல்லாப் பாருங்கம்மா. எம் புருசன்... மாட்டுக்குத் தண்ணி காட்டாம அது கஞ்சி குடிக்காதும்மா..."

கணவர் திறந்த பேனாவை மூடினார். "மேடம் பாக்கட்டும்."

தெளியும்வரை உட்கார்ந்திருந்தோம். ஃபிளாஸ்க்கிலிருந்த காபியை மூடியில் ஊற்றி, எல்லார் முன்னாலும் எனக்கு நீட்டினார். இருந்தது அந்த ஒரு மூடிதான். நான் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தார்.

பிறகு வண்டலில் நீலச் சாயம் ஒரு சொட்டு. குப்பையெல்லாம் நீலமாகிவிட, நடுவே பொன் மஞ்சளாக முட்டைகள்... ஒன்றல்ல, கூட்டமாக. அவர் மைக்ராஸ்கோப்பில் வெகுநேரம் குனிந்திருந்தார்.

"எழுதுங்க மேடம். நான் கையெழுத்துப் போடறேன்."

விஷப் பேச்சு அதோடு அடங்கியது. மாரிமுத்து வீடு திரும்பினான்.

பக்கத்து வீட்டுப் பெண் இப்போது கால்நடை மருத்துவம் படிக்கிறாள். "எல்லாம் மெஷினே சொல்லிடும் ஆன்ட்டி. தெளியற வரைக்கும் யாரு உக்காந்திருப்பா?" என்றாள்.

நல்லதுதான். சரியாகச் சொன்னால் சரி.

நாங்கள் உட்கார்ந்திருந்தோம்.

அந்த ஃபிளாஸ்க் இன்னும் இருக்கிறது. காபியை அதில்தான் ஊற்றி வைக்கிறேன். மூடிக்காகக் காத்திருக்கத்தான் யாருமில்லை.