செத்தவீட்டுக்கு ஒரு வாடகை வீடு

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் மரக்கறி விற்கும் ஒரு பெண்ணிடம் நாலு மாதமாக, ஒரு நாள் விட்டு ஒரு நாள், கத்தரிக்காயும் கீரையும் வாங்கி வருகிறேன். நிறுத்துக்கொண்டே அவர் ஒவ்வொரு முறையும் அதே கேள்வியைக் கேட்பார்: "ஐயா, எப்ப போறியள்?" போகவில்லை, இனி இங்கேதான் என்றால் சிரிப்பார். "வாற எல்லாரும் இதைத்தான் சொல்லுறவை. வெக்கை தொடங்கட்டும், பாப்பம்." நான் பிறந்த உடுப்பிட்டி இங்கிருந்து பஸ்ஸில் ஒரு மணித்தியாலம். இருந்தும் அவருடைய கண்ணுக்கு நான் ஊர் பார்க்க வந்த ஆள். அதில் அவருடைய பிழை ஒன்றும் இல்லை. நோர்வேயில், பேர்கன் என்ற துறைமுக நகரில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்தேன். கோடை தொடங்கினால் உல்லாசக் கப்பல்கள் வந்து ஆட்களை இறக்கிவிடும். மழைச்சட்டையோடு மரவீடுகளைப் படம் எடுக்கும் அந்தக் கூட்டத்தைப் பார்த்து நானும் இதே கேள்வியை மனதுக்குள் கேட்டிருக்கிறேன்.

என்னைப் போலத் திரும்பி வர யோசிப்பவர்களுக்கு இங்குள்ள வாடகை நிலவரத்தை எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். எழுதத் தொடங்கியதும் வேறொன்று முன்னால் வந்து நிற்கிறது. முதலில் நிலவரத்தைச் சொல்லிவிடுகிறேன். பல்கலைக்கழகத்தைச் சுற்றியுள்ள வீடுகளை மாணவர்களுக்குத் தலைக்கு இவ்வளவு என்று விடுகிறார்கள். தனிக் கிழவன் ஒரு தலைதான். நல்லூர்ப் பக்கத்து அறைகள் வெளியிலிருந்து வரும் விருந்தினருக்கு நாட்கணக்கில் போகின்றன. திருவிழாக் காலத்தில் ஒரு கிழமைக்கு வாங்குவது மற்ற நாட்களில் ஒரு மாத வாடகை. அதனால் மாத வாடகைக்குச் சம்மதிப்பவர்களும் பதினொரு மாதம்தான் தருவார்கள். திருவிழா மாதம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட வேண்டும். முற்பணம் ஒரு வருடத்துக்குக் கேட்பார்கள். வீட்டுக்காரர் பெரும்பாலும் கனடாவிலோ லண்டனிலோ இருப்பார். குளிரூட்டி பூட்டிய அறை என்றால் மின்சாரக் கட்டணத்தைத் தனியாக யோசியுங்கள். மேல்மாடி மலிவு; முழங்காலைக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

எனக்கு வீடு தேடித் தந்தவர் யோகன் என்ற தரகர். நாற்பது வயதிருக்கும். மோட்டார் சைக்கிளின் பின்னால் என்னை ஏற்றிக்கொண்டு, பலாலி வீதியிலிருந்து பிரியும் ஒழுங்கைகளையெல்லாம் காட்டினார். மூன்று வருடத்துக்கு ஒப்பந்தம் எழுதலாமா என்று கேட்டேன். பேர்கனில் அதற்குக் குறைய எழுதுவது வீட்டுக்காரருக்கு எளிதல்ல. 'லையகொன்ட்ராக்ட்' என்ற அந்த வாடகைப் பத்திரம் குடியிருப்பவரின் பக்கம் நின்று பேசும். யோகன் வண்டியை ஓரங்கட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"மூண்டு வருசமோ? ஐயாவுக்கு இப்ப எத்தினை வயசு?"

"எழுபத்தெட்டு."

"குறை நினைக்காதேங்கோ. வயசான ஆக்கள் எண்டால் வீட்டுக்காரர் யோசிக்கினம். ஒண்டு நடந்திட்டுது எண்டு வையுங்கோ, செத்தவீடு அங்கைதானே செய்யோணும்? பிறகு அந்த வீட்டிலை நிக்க விசிற்றர்ஸ் ஆர் வருவினம்?"

"நான் இப்ப சாக யோசிக்கேல்லை."

"அதை எழுதித் தருவியளோ?"

பகிடி என்று நினைத்துச் சிரித்தேன். அவர் பைக்குள்ளிருந்து ஒரு பத்திரத்தை எடுத்து நீட்டினார்.

உரிமையாளரின் அனுமதியின் பேரில் மட்டுமே இங்கே தங்கியிருக்கிறேன், இந்த வீட்டில் எனக்கு வேறு எந்த உரிமையும் இல்லை என்பது முதல் வசனம். குடியிருப்பவர் இறந்தால் உடலை இந்த வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது, இறுதிச் சடங்கு நடக்கும் முகவரியைக் கீழே குறிப்பிடவும் என்பது கடைசி. அதன் கீழே ஒரு புள்ளிக்கோடு. பேர்கனில் என் மனைவி இறந்தபோது ஆஸ்பத்திரியிலிருந்து நேரே 'கப்பெல்' என்ற சிற்றாலயத்துக்குக் கொண்டு போனார்கள். வீட்டைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. இங்கே இறந்தவர் ஒரு முற்றத்தில் கிடந்து, ஊர் வந்து பார்த்த பிறகுதான் போவார். அந்த முற்றத்துக்குத்தான் நான் திரும்பி வந்தேனோ என்னவோ. ஆனால் என் கையை நிறுத்தியது புள்ளிக்கோடு அல்ல, முதல் வசனம். அப்படி ஒரு வசனத்தை நானே எழுதியிருக்கிறேன்.

திருநெல்வேலியில் எனக்கு ஒரு வீடு இருந்தது. இங்கே ஆசிரியராக இருந்த நான் நாட்டை விட்டுப் போனபோது, பூட்டிவிட்டுப் போனால் யாராவது பிடித்துக்கொள்வார்கள் என்று பயந்து, வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்து வந்த மகேஸ்வரியையும் அவருடைய கணவர் தருமரையும் அதில் இருத்தினேன். வாடகை இல்லை. அவர்கள் எனக்குச் செய்த உதவியை, நான் அவர்களுக்குச் செய்த உதவி போலவே கடிதங்களில் எழுதுவேன். ஷெல் விழுந்து ஓடு பறந்தபோது கூரைக்குத் தறப்பாள் கட்டினார்கள். ஊரே இடம்பெயர்ந்தபோது தாங்களும் ஓடினார்கள்; திரும்பி வந்ததும் நனைந்துபோன என் புத்தகங்களை எடுத்து வெயிலில் காயவைத்தார்கள். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை நான் ஆங்கிலத்தில் ஒரு பத்திரம் தட்டெழுதி அனுப்புவேன். பிரதேச சபைக்குக் கட்டும் சோலைவரி என்ற வீட்டு வரிக்குத் தேவை, கையெழுத்து வைத்து அனுப்புங்கள் என்று தமிழில் ஒரு துண்டும் வைப்பேன். அது பொய். நீண்ட காலம் இருந்துவிட்டு வீட்டில் உரிமை கேட்டுவிடக் கூடாது என்பதற்காகவே அந்தப் பத்திரம்.

போர் முடிந்தபின் மகள் பேர்கனில் வீடு வாங்க நின்றாள். அங்கே அறைகளெல்லாம் உல்லாசப் பயணிகளுக்குப் போக, வீட்டு விலை எங்கள் கைக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. திருநெல்வேலி வீட்டை விற்றேன். மகேஸ் குடும்பம் ஆறு மாதம் தவணை கேட்டது. அவர்களுடைய காணி அப்போதும் இராணுவத்திடம் இருந்தது. வாங்குகிறவர் பொறுக்கமாட்டார் என்று, அவர்கள் கையெழுத்திட்ட பத்திரங்களை ஒரு லோயரிடம் கொடுத்தேன். ஒரு மாதத்தில் வீட்டை விட்டு எழும்பிவிட்டார்கள். பேர்கனில் என்னை எழுப்புவதென்றால் மூன்று மாத அறிவித்தல் தரவேண்டும் என்று நண்பர்களிடம் பெருமை பேசித் திரிந்ததும் அதே காலத்தில்தான்.

யோகனிடம் இரண்டு நாள் தவணை கேட்டுக்கொண்டு கரவெட்டிக்குப் போனேன். மகேஸ் இப்போது மகளோடு அங்கே இருக்கிறார். முற்றத்தில் வெங்காயம் துப்புரவாக்கிக்கொண்டிருந்தவர் என்னை உடனே அடையாளம் கண்டார்.

"மாஸ்டரே? மெலிஞ்சு போனியள். அங்கை சோறு போடுறேல்லையோ?"

தருமர் எங்கே என்று கேட்டேன்.

"அவர் போயிட்டார். உங்கடை வீட்டாலை எழும்பி எட்டாம் மாதம். நாங்கள் அப்ப நெல்லியடியிலை வாடகைக்கு. வீட்டுக்காரர் பிரேதப் பெட்டியை உள்ளுக்குக் கொண்டுவர விடேல்லை. பக்கத்து வீட்டு மனிசி தன்ரை படலையைத் திறந்து, 'இஞ்சை வையுங்கோ' எண்டாள். அவளின்ரை பேர்கூட எனக்கு அப்ப தெரியாது."

சொல்ல வந்ததை அதன்பின் தள்ளிப்போட முடியவில்லை.

"மகேஸ், நான் அனுப்பின கடுதாசி சோலைவரிக்கு இல்லை. உங்களுக்கு ஒரு உரிமையும் இல்லை எண்டு இங்கிலீசிலை எழுதினது. பொய் சொல்லித்தான் கையெழுத்து வாங்கினனான்."

"தெரியும். லோயர் வாசிச்சுக் காட்டினவர்தானே." அவர் வெங்காயத்திலிருந்து கையை எடுக்கவில்லை. "தமிழிலை எழுதியிருந்தாலும் வைச்சிருப்பம், மாஸ்டர். உங்கடை வீடு எண்டு எங்களுக்குத் தெரியாதோ?"

மன்னிக்கச் சொல்லிக் கேட்டேன். அவர் எழுந்து போய்த் தேத்தண்ணி போட்டு வந்தார். எங்கே தங்கியிருக்கிறேன் என்று விசாரித்தார். யோகனின் பத்திரத்தைப் பற்றியும் கடைசிப் புள்ளிக்கோட்டைப் பற்றியும் சொன்னேன். வீட்டின் பக்கத்து அறை ஒன்று வெளிப்பூட்டுப் போட்டுக் கிடந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், "இஞ்சை வந்திருங்கோ" என்பார் என்று ஒரு கணம் எதிர்பார்த்தேன். என் கண் போன இடத்தை அவர் பார்த்துவிட்டார்.

"அறை தரமாட்டன். உங்களோடை ஒரு கூரைக்குள்ளை இருக்க எனக்கு ஏலாது."

"நான் கேக்கேல்லை."

"கேட்டனீங்கள்." அவர் சுளகைத் தட்டிக் கீழே வைத்தார். "ஆனா அந்தக் கோட்டிலை எங்கடை விலாசத்தைப் போடுங்கோ. செத்தாக் கொண்டு வரட்டும். முற்றம் கிடக்குத்தானே."

"நான் வேதக்காரன், மகேஸ்."

"அதுக்கென்ன, உங்கடை போதகர் வந்து செபம் சொல்லட்டும். உயிரோடை மட்டும் வந்திடாதேங்கோ."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். நானும் சிரிக்கப் பார்த்தேன்.

மறுநாள் யோகனுக்கு முன்னால் பத்திரத்தை நிரப்பினேன். நிரந்தர முகவரி என்ற இடத்தில் மகளின் பேர்கன் வீட்டை எழுதினேன். அங்கே என் கட்டில் இருந்த இடத்தில் இப்போது பேத்தியின் படிப்பு மேசை இருக்கிறது. புள்ளிக்கோட்டில் கரவெட்டி விலாசத்தை எழுதினேன். யோகன் எட்டிப் பார்த்தார்.

"ஆர் ஐயா, சொந்தக்காரரோ?"

ஓம் என்று சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும்.

"இல்லை. என்ரை வீட்டாலை நான் எழுப்பின ஆக்கள்."

அவர் என் முகத்தைப் பார்த்தார், பத்திரத்தைப் பார்த்தார். வயது போனதால் பேச்சுத் தடுமாறுகிறது என்று நினைத்திருக்க வேண்டும். "சரி சரி, பிரச்சினையில்லை" என்று தோளில் தட்டி வீட்டுத் திறப்பைத் தந்தார்.

உடுப்பிட்டிக்குப் போகும் நாட்களில் பஸ் நெல்லியடியில் நிற்கும். அங்கிருந்து மகேஸின் வீட்டுக்கு ஆட்டோவில் பத்து நிமிடம் ஆகாது. நான் இறங்குவதில்லை. அந்த முற்றத்துக்கு எப்போது வரலாம் என்று எனக்குச் சொல்லப்பட்டிருக்கிறது.